பக்கவாட்டுக் கதவு

நாடகம் என்பது மனித குலம் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் புனிதமான இருட்டு. அந்த இருட்டில் அமரத் தகுதி படைத்தவர்கள் ஒரு தலைமுறைக்கு நாலைந்து பேர் தேறினாலே பெரிது.

இது லிஃப்ட் பரிசோதகரின் கருத்து. இதை அவர் சொன்ன இடம் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் இருந்த மோட்டார் அறை. கேட்டுக்கொண்டிருந்தவர் அந்தக் கட்டடத்தின் வாட்ச்மேன். படியேறி வந்த மூச்சிரைப்பு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

"சார், அதெல்லாம் சரி. ஒன்பதாவது மாடி அம்மா ரெண்டு பை காய்கறியோட கீழ நிக்கிறாங்க. லிஃப்ட் எப்ப ஓடும்?"

"உயிர் முக்கியமா, காய்கறி முக்கியமா? பரிசோதனை நடக்குதுல்ல. பத்து அஞ்சுக்கு ஓடும்."

பத்து மணிக்குப் புது நாடகத்துக்கு ஆன்லைனில் டிக்கெட் பதிவு திறக்கும். ஊரிலேயே தடையில்லாமல் சிக்னல் கிடைக்கும் இடம் மோட்டார் அறைதான் என்பதைப் பரிசோதகர் தன் பணி அனுபவத்தில் கண்டுபிடித்திருந்தார். அதனால் புதிய நாடகம் அறிவிக்கப்பட்டால், பதிவு நாளன்று உயரமான கட்டடம் ஏதாவது ஒன்றின் லிஃப்டில் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். மூன்றாவது வரிசை, ஓரத்து இருக்கை, பக்கத்தில் மனைவிக்கு ஒன்று, முதல் நாள் காட்சி. பன்னிரண்டு வருடங்களில் ஒருமுறையும் தவறவிட்டதில்லை. பத்து மணி நாலு நிமிடத்துக்கு டிக்கெட் கிடைத்தது. ஒன்பதாவது மாடி அம்மா அப்போது படியேறி ஆறாவது மாடிக்கு வந்திருந்தார்.

பரிசோதகருக்கு ஒரு ரசிகர் குழு இருந்தது. பல் டாக்டர், புவியியல் டீச்சர், இன்னும் நாலு பேர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் கூடுவார்கள். குழுவுக்கு மூன்று சட்டங்கள். எழுதியவர் பரிசோதகரே. நாடகத்துக்கு முன்னால் கையில் கொடுக்கிற தாளைப் படிக்கக்கூடாது. அது பரீட்சையில் விடைத்தாளை எட்டிப் பார்ப்பது போல. சனிக்கிழமை வரை நாடகத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: நாடகம் முடிந்து விளக்கு எரிந்த அந்த நொடியே எழுந்து, கைதட்டாமல், யார் முகத்தையும் பார்க்காமல், பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறிவிட வேண்டும். கைதட்டுகிறவன் நாடகத்தை அரங்கத்திலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகிறான், ரசிகன் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறான் என்பது இதற்கான விளக்கம். மற்றவர்கள் இந்தச் சட்டத்தை யாராவது பார்க்கும்போது மட்டும் பின்பற்றினார்கள். பரிசோதகர் இருட்டிலும் பின்பற்றினார்.

அந்த முதல் நாளும் அப்படித்தான். மேடையில் ஒரு பெண் கட்டிய பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். நாற்பது நிமிடம் பெட்டியோடு பேசினாள். அழைப்பு மணி அடித்தது. அவள் எழுந்து கதவருகே போனாள், கைப்பிடியில் கை வைத்தாள். விளக்குகள் எரிந்தன.

பரிசோதகர் எழுந்துவிட்டார்.

"ஏங்க," என்றார் மனைவி. "எல்லாரும் கேன்டீன் பக்கமால்ல போறாங்க."

"பசிக்கு வந்தவங்க போவாங்க. நீ வா."

"கைப்பையை சீட்டுலயே வச்சுட்டுப் போறாங்க, பாருங்களேன்."

"பேசாதே. சிந்தும்."

சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நாடகம் போட்டவர்களின் முந்தைய நாடகம் முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது என்பதால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இது ஐந்து நிமிடம் கூடுதல்; கொஞ்சம் சுருக்கியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

சனிக்கிழமை கிளினிக்கில் வழக்கத்தைவிட அமைதி. காரணம், மேசைமேல் பிளாஸ்டிக் பல்வரிசைக்குப் பக்கத்தில் கிடந்த, நாடகம் போட்டவர்களிடமிருந்து வந்த கடிதம். மறுநாள் கடைசிக் காட்சி. அது முடிந்ததும் மேடையிலேயே இயக்குநரோடு ஒரு கலந்துரையாடல் வைக்கிறார்கள். குழுவிலிருந்து ஒருவர் மேடையேறி நாடகத்தைப் பற்றிப் பேசலாம். பன்னிரண்டு வருடமாகத் தன் கருத்துகளை வாய் திறந்த நோயாளிகளின் படங்களைப் பார்த்தே பேசி வந்த மனிதர் பரிசோதகர். மேடையில் ஒரு நாற்காலி, முன்னால் முந்நூறு முகம், பக்கத்தில் இயக்குநர். அந்த நாற்காலி கிடைக்காவிட்டால் இந்த ஜன்மத்தில் வேறு எது கிடைத்தும் பிரயோஜனமில்லை என்று அவருக்குப் பட்டது. பல் டாக்டருக்கும் அப்படியேதான் பட்டது. அவர் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

பல் டாக்டர் ஒளியமைப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். பிறகு பரிசோதகர் எழுந்தார்.

"கதவு திறக்கல," என்றார். நிறுத்தினார். "கைப்பிடியில கை வச்சா. திறக்கல. வெளிச்சம் வந்துருச்சு. அதோட நாடகம் முடிஞ்சுபோச்சு. இதைவிடத் துணிச்சலான முடிவை நான் பார்த்ததில்லை."

அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவு திறந்ததையும், அதன் பிறகு ஐம்பது நிமிடம் என்னென்னவோ நடந்ததையும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆனால் இருபது நிமிடம் பரிசோதகர் அந்தத் திறக்காத கதவைப் பற்றிக் கண்கலங்கப் பேசியபோது, 'அப்புறம் திறந்துச்சே சார்' என்று சொல்வது, கவிதை வாசிக்கிறவரிடம் உங்கள் பொத்தான் கழன்றிருக்கிறது என்பது போல இருந்தது.

புவியியல் டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப, சார் பார்வையில, இன்டர்வெலோட..."

"கதவோட," என்று திருத்தினார் பரிசோதகர்.

"ஆமா, கதவோட. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல."

"என்ன இருக்க முடியும்?"

"எனக்கும் அப்பவே உறுத்துச்சு," என்றார் பல் டாக்டர். அவருக்கு உறுத்தவில்லை. தனக்குப் புரியாத ஒன்று மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டதோ என்ற பயம் மட்டும் வந்திருந்தது. மேடை நாற்காலி பரிசோதகருக்கே என்று ஒருமனதாக முடிவாயிற்று. பல் டாக்டரின் புதுச் சட்டை வீணானது.

ஞாயிறு காலை மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, கூரியர் ஆபீசில் வேலை. யாரோ போகமுடியாமல் கொடுத்த டிக்கெட்டில் அந்த நாடகத்தை அவனும் பார்த்திருந்தான்.

"என்ன மாமா, இன்னைக்கு மேடையேறப் போறீங்களாம்? ஆனா ஒண்ணு, அந்த முதல் பாதி இருக்கே, தூக்கம் தூக்கமா வந்துச்சு. நல்லவேளை, இன்டர்வெலுக்கு அப்புறம் சூடு பிடிச்சுது."

பரிசோதகர் கையில் இருந்த தம்ளர் நின்றது.

"எதுக்கு அப்புறம்?"

"இன்டர்வெல். அந்தப் பொண்ணு கதவைத் திறந்தாள்ல, அங்கருந்துதானே கதையே."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி எட்டிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. இருபத்தோரு வருட தாம்பத்தியத்தில் அவர் எதுவும் சொல்லாத சந்தர்ப்பங்கள் மூன்றோ நாலோதான். பரிசோதகர் அவை எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தார்.

"மச்சான், உட்காரு," என்றார் பரிசோதகர். "ரெண்டாம் பாதியில நீ என்ன கவனிச்சேன்னு சொல்லு. ஒரு சாதாரண மனுஷன் எப்படிப் பார்க்குறான்னு தெரிஞ்சுக்கணும்."

"ஒருத்தன் வருவான் மாமா. அவ புருஷனா அண்ணனான்னு பிடிபடல. சத்தம் போடுவான். அப்புறம் பெட்டியைத் திறப்பாங்க."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"எனக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாரு, இம்மாம் பெரிய தலை. எல்லாரும் 'ஆ'ன்னாங்க. நானும் 'ஆ'ன்னேன்."

இதை வைத்துக்கொண்டு மேடையேற முடியாது. ஆனால் கலந்துரையாடல் காட்சிக்குப் பிறகுதான். அதற்கு முன் முழு நாடகத்தையும் உட்கார்ந்து பார்த்துவிடலாம். பேச வேண்டியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். இந்தத் தெம்பில் சாயங்காலம் மனைவியோடு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். பெண் பெட்டியோடு பேசினாள். மணி அடித்தது. விளக்குகள் எரிந்தன. பரிசோதகர் இருக்கையின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

யாரோ தோளைத் தொட்டார்கள். ஒலி அமைப்பாளர்.

"மேடையில பேசுற சார் நீங்கதானே? வாங்க, மைக் மாட்டணும்."

"முடிஞ்சப்புறம் மாட்டுங்களேன்."

"முடிஞ்சதும் நேரா மேடைதான் சார். பின்னாடி ரூம்ல உட்காரணும்."

"நான் ரெண்டாம் பாதியைப் பார்க்கணும்."

"எத்தனை தடவை சார் பார்ப்பீங்க?" என்று சிரித்தபடி கையைப் பிடித்து அழைத்துப் போனார். பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான்.

பின்னறையில் ஜன்னல் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டாம் பாதி நடந்துகொண்டிருந்தது. வசனம் ஒன்றும் புரியவில்லை. முந்நூறு பேர் சிரித்தார்கள், அதில் மனைவியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. பிறகு நெடுநேரம் அமைதி. பிறகு எல்லோரும் 'ஆ' என்றார்கள்.

"அந்தப் பெட்டிக்குள்ள என்னங்க இருக்கு?" என்று ஒலி அமைப்பாளரைக் கேட்டார்.

"நான் நாடகம் பார்க்குறதில்ல சார். சவுண்டு மீட்டர்ல முள்ளு சிவப்புக்குப் போகுதான்னு மட்டும் பார்ப்பேன்."

கைதட்டல் ஓய்ந்ததும் மேடையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். முந்நூறு முகம். முதல் வரிசையில் பல் டாக்டர், மடியில் குறிப்பேட்டோடு. பக்கத்து நாற்காலியில் இயக்குநர். ரப்பர் செருப்பும் தூக்கமில்லாத கண்ணுமாக இருந்த முப்பது வயதுப் பெண்.

"நீங்க ரொம்ப நுட்பமான ரசிகர்னு சொன்னாங்க," என்றார் இயக்குநர். "நேரா கேக்குறேன். ரெண்டாம் பாதி எப்படி இருந்துச்சு?"

பரிசோதகர் தண்ணீர் குடித்தார். மூன்றாவது வரிசையில் மனைவி, தொடர்ந்து எதுவும் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். புருஷனா, அண்ணனா? பெட்டியில் என்ன? ஒரு பொய் சொல்லலாம். ஆனால் எந்தப் பொய் என்று தெரியவேண்டுமே. பன்னிரண்டு வருடத்தில் முதன்முறையாக அவருக்கு ஒரு கருத்தும் தோன்றவில்லை. எல்லாம் போயிற்று என்றான பிறகு வருகிற ஒரு நிதானம் வந்தது.

"நான் ரெண்டாம் பாதியைப் பார்க்கல," என்றார். "முதல் நாள் விளக்கு எரிஞ்சதும் எழுந்து வீட்டுக்குப் போயிட்டேன். இன்னைக்கும் பார்க்கல. பின்னாடி ரூம்ல உட்கார்ந்திருந்தேன்."

இயக்குநரின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. அவர் எழுந்து நின்றார்.

"ரெண்டு வருஷமா எனக்குள்ள இருந்த சந்தேகம் இது," என்றார். "முதல் பாதியோட நின்னிருக்கணும். யாருக்கும் என் முகத்துக்கு நேரா சொல்லத் தைரியம் வரல. நீங்க வந்து, மேடையில உட்கார்ந்துகிட்டே, பார்க்க மாட்டேன்னுட்டீங்க."

"இல்லம்மா, நான் நிஜமாவே..."

கைதட்டலில் மீதி கேட்கவில்லை. முந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள். அதில் நிறையப் பேர் கொஞ்ச நேரம் முன்புதான் அந்த இரண்டாம் பாதிக்கு 'ஆ' என்று வியந்தவர்கள். பல் டாக்டர் குறிப்பேட்டில் 'பார்க்க மறுத்தல்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி ஒன்றே ஒன்று சொன்னார். "நீங்க உண்மையைச் சொல்லுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

"யாரு நம்புனா?"

"நான் நம்புனேன். கூட இருந்தவளாச்சே."

அதன் பிறகு பரிசோதகருக்குப் புகழ் வந்தது. குழுவில் நாலாவது சட்டம் ஒன்றைப் பல் டாக்டர் முன்மொழிந்தார்: உண்மையான ரசிகன் இடைவேளையோடு எழுந்துவிட வேண்டும். பரிசோதகர் எதிர்த்துப் பேசிப் பார்த்தார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போது அவர் அரங்கத்துக்குள் நுழைந்தாலே வாசலில் நிற்பவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்துவிடுகிறார். விளக்கு எரிந்ததும் முந்நூறு முகமும் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்புகிறது. உட்கார்ந்திருந்தால் நடிகர்கள் அதைப் பாராட்டாக நினைத்து அழுதுவிடுகிறார்கள், தயவுசெய்து எழுந்துவிடுங்கள் என்று இயக்குநர்கள் வந்து கேட்டுக்கொண்டதால் அதையும் செய்ய முடிவதில்லை. மனைவி மட்டும் கடைசி வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறார்.

இந்த மூன்று வருடத்தில் பரிசோதகர் இடைவேளைத் தொல்லை இல்லாமல் உட்கார முடிந்த ஒரே நாடகம், மச்சான் மகளின் பள்ளி ஆண்டு விழாவில் நடந்த எட்டு நிமிட நாடகம். அதில் ஆறாவது நிமிடத்தில் அவர் தூங்கிவிட்டார்.