எருக்குழி ஓரத்து மண்

1

இந்தக் கதை நேற்று சாயங்காலம் அப்பா சொன்னதிலிருந்து பிறந்தது. சேவூரில் எங்கள் வேர்க்கடலை வயலிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கி வந்து அம்மாவின் தறி முன்னால் போட்டார். இலை மஞ்சள். காய்களில் பாதி பருப்பில்லாத பொக்கு.

"தணிகாசலம் கலப்பட உரத்த தலைல கட்டிட்டான். காலைல பத்து பேரோட போறேன். அப்புறம் எப்டி கடை தொறக்கறான்னு பாக்கறேன்."

அம்மா தறியை நிறுத்தவில்லை. "போய் கேளு. அடிச்சிகினு வந்து நிக்காத."

பதினாறு வயதுக் கதாசிரியைக்கு, அதாவது எனக்கு, வில்லன் கிடைத்துவிட்டான்.

2

முதல் தொடக்கம்: உரக்கடை தணிகாசலம் மோதிரம் போட்ட நான்கு விரல்களால் தராசைத் தட்டி

(அவர் மோதிரமே போடுவதில்லை. நான்தான் போட்டுவிட்டேன்.)

இரண்டாவது: மூட்டையின் தையலைப் பிரித்து மறுபடி தைத்த அடையாளம்

(இல்லை. பிரித்தது நான். தையல் ஒழுங்காகத்தான் இருந்தது.)

3

சரி, வில்லனே பேசட்டும். ஆனால் அவர் ஆடி மாதம் கடையில் நிஜமாகப் பேசியதையே பேசுகிறார். மண் பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்திருந்த மண்வள அட்டையை அப்பா நீட்டினார். அதைப் பார்த்து:

"இன்னா தென்னரசு, தழை, மணி, சாம்பல், எல்லா சத்தும் அதிகம்னு போட்டுகீது? உன் நெலத்துலயா?"

"பாதி உரம் போதும்னு எழுதிகீறாங்க. உனுக்கு வியாபாரம் கொறையுதேன்னு பேஜாரா?"

"அதுக்கில்லபா. மண்ணு யாரு எடுத்தது?"

"எம் பொண்ணுதான்."

அவர் என்னைச் சந்தேகத்தோடு (இந்தச் சொல்லை அடித்துவிட்டேன்) பார்த்தார். "எட்டு எடத்துல தோண்டி கலந்தியா பாப்பா?"

"ஆமாங்க."*

* எட்டு இல்லை, ஒன்று. சித்திரை வெயிலில் நிலம் கல்லாக இருந்தது. இரண்டு வெட்டில் கை கொப்புளித்தது. எருக்குழி ஓரம் மண் மெத்தென்றிருந்தது. வருஷக்கணக்காகச் சாணம் ஊறிய அந்த மண்ணைப் பையில் நிரப்பினேன். வயலில் இல்லாத சத்து அட்டையில் வந்தது. அப்பா பாதி உரம்தான் போட்டார்.

4

முடிவு அ: உரத்தைச் சோதிக்கிறார்கள். கலப்படம்தான். (இதைத்தான் இரவு முழுக்க வேண்டிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.)

முடிவு ஆ: மகள் உண்மையைச் சொல்கிறாள். அப்பா அவளை

அடிக்க மாட்டார். பயம் அதுவல்ல. இனி நான் எது சொன்னாலும் ஒரு நிமிஷம் நின்று யோசிப்பார்.

விடிந்துவிட்டது. வாசலில் வண்டிகள் உறுமுகின்றன. அப்பா கூப்பிடுகிறார்: "அந்த அட்டைய எடுத்தாம்மா, ஜல்தி! அவன் மூஞ்சில காட்டணும்."

அட்டை என் மடியில்தான் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்வரை எழுந்து போக வேண்டியதில்லை. வில்லன் யாரென்று இந்நேரம் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். அதனால் முடிவை எழுதப்போவதில்லை. பேனாவை மூடுகிறேன்.