ஒரு பாட்டுக்கு நாலு அமாவாசை

...நாலு பேராம், நாலு பேரு மூஞ்சி இருந்தாத்தான் கேசட்டு விக்குமாம். மெட்ராஸ் கம்பெனிக்காரர் சொன்னது தனகோடி காதுல இன்னும் கொடைஞ்சிகினே இருந்துச்சி. தம்பி, கிடாரு ஒருத்தன், பேஸு கிடாரு ஒருத்தன், ஆர்கன் ஒருத்தன், டிரம்ஸு ஒருத்தன், நாலு பேரு முடியும் பெல்பாட்டமுமா நின்னாத்தான் அது குரூப்பு, எல்லாத்தையும் நானே வாசிச்சேன்னு ஒரே ஆளு பல்லைக் காட்டிகினு நின்னா கடையில எவன் எடுப்பான், கூட்டாளி சேராதவன் வீட்டுல உக்காந்து தட்டினதுன்னு நெனச்சிப்பான்... வீட்டுல உக்காந்துதான்யா தட்டினேன், அதுல உனக்கு இன்னா கொறஞ்சிபோச்சி? கேட்டிருக்கணும். கேக்கல. சரிங்க சார்னு தலையாட்டிட்டு பஸ் ஏறியாச்சு. வேலூர் தாண்டி கண்ணமங்கலம் வர்றப்பதான் ஒவ்வொரு பதிலா தொண்டைக்கு வருது, யாருகிட்ட சொல்றது, கண்டக்டர்கிட்டயா? இவன் பேரு கூட அட்டையில கெடையாதாம், 'சில்க் பாய்ஸ்'னு போடுவாங்களாம், ஆரணின்னா பட்டு, பட்டுன்னா சில்க்கு, எப்டி தம்பி நம்ம ஐடியான்னு அவரே சிரிச்சிகினாரு. திங்கக்கெழம போட்டோ வரலைன்னா கேசட்டு கெடையாது. அதான் இன்னிக்கி, ஞாயித்துக்கெழம பட்டப்பகல்ல, சிவப்பிரகாசம் ஸ்டூடியோவுல, பெயிண்ட் அடிச்ச நீர்வீழ்ச்சி முன்னால, தன்னோட சாமானையெல்லாம் அடுத்தவன் கையில குடுத்துட்டு நிக்கிறான்.

கிடாரு குப்புராஜ் கையில. பொண்டாட்டி ஜெயத்தோட தம்பி, மூக்கும் முழியுமா இருப்பான், அதுக்காகத்தான் அவனுக்குக் கிடாரு. அதைப் புடிக்கிறானே, கைப்புள்ளையைத் தூக்கினாப்ல இடுப்புல வெச்சிகினு, நரம்பு மேல வெரலு படாம சொறிஞ்சிகினு... மாமா, ஸ்டைலா கீதான்னு வேற கேக்கிறான். டேய், அந்த நரம்புல என் வெரல்தோலு ஒட்டிகினு கெடக்குதுடா. டிரம்ஸுக்கு டீக்கடை வேடியப்பன், மீசைக்காக. அண்ணே, ஒரு வாட்டி அடிச்சிப் பாக்கட்டான்னு குச்சியை ஓங்கினான், அடிக்காத, போட்டோவுல சத்தம் வராதுன்னு சிவப்பிரகாசம் சொன்னதும் ஸ்டூடியோவே சிரிச்சிது, தனகோடி மட்டும் அந்தக் குச்சியையே பாத்துகினு நின்னான். நாலாவதா வர்றேன்னு சொன்னவன் வரவேயில்ல. துபாய் போறதுக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்து ஸ்டூடியோ கோட்டோட உக்காந்திருந்த கண்ணமங்கலத்து ஆளு ஒருத்தரை, சார் ரெண்டு நிமிசம்னு சொல்லி இழுத்து நிறுத்தி பேஸை மாட்டி வுட்டுட்டாரு சிவப்பிரகாசம். அந்தாளு குனிஞ்சி பாத்துட்டு, "நான் இன்னா வாசிக்கிறேங்க?" "பேஸுங்க." "ஓகோ. எந்தப் படத்துக்கு?"

எந்தப் படத்துக்கு! இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டே இவனுக்குக் காது தேய்ஞ்சிபோச்சி. எழுபத்தி நாலுல வேலூர் ஆர்கெஸ்ட்ரால பேங்கோஸ் தட்டப் போனவன். கிடாரிஸ்ட்டு தண்ணி போட்டுட்டு வுழுந்தா, 'தனகோடி, அந்த ஓட்டையை அடை'ன்னுவாரு மொதலாளி, கிடாரு கத்துகினான். ஆர்கன்காரன் கோவிச்சிகினு போனா தனகோடி, இந்த ஓட்டையை அடை, ஆர்கன் கத்துகினான். ஓட்டை அடைச்சி அடைச்சியே எல்லாம் கைக்கு வந்துச்சி, பேஸு மட்டும் ஆசைப்பட்டு வாங்கினது. அதுவரைக்கும் எல்லாருக்கும் நல்ல புள்ளை. என் பாட்டு ஒண்ணு இருக்குது, ராக் மியூசிக்கு, மேடையில போடலாமான்னு கேட்டான் பாரு, அன்னிக்கிப் புடிச்சிது சனியன், எந்தப் படம்? படம் இல்லீங்க, பாட்டுங்க. படம் இல்லாம இன்னாய்யா பாட்டு? பொட்டி கட்டிகினு ஆரணிக்கே வந்துட்டான், பகலெல்லாம் அப்பா தறியில பட்டு நெய்தான், பாட்டுக்கு அமாவாசைக்குக் காத்திருந்தான். அமாவாசைன்னா தெருவுல ஒரு தறியும் ஓடாது. மத்த நாள்ல மைக்கு வெச்சா பாட்டை விட பக்கத்து வூட்டுத் தறிதான் தாளம் போடும். ரைஸ் மில்லு ஓடினா அதுவும் பேஜாரு, வோல்டேஜ் எறங்கி டேப்பு தூங்கி வழியும், சுருதி போயிரும். அதனால ஒரு அமாவாசைக்கு டிரம்ஸு. அடுத்த அமாவாசை அந்த டேப்பை ஒரு டேப்ரெக்கார்டர் பொட்டியில ஓட வுட்டு, கூடவே பேஸு வாசிச்சி, ரெண்டையும் சேத்து இன்னொரு பொட்டியில புடிக்கிறது. அதுக்கடுத்தது கிடாரு. அப்புறம் ஆர்கனும் பாட்டும். ஒரு பாட்டுக்கு நாலு அமாவாசை. மழை வந்து ஓட்டுல தடதடன்னு அடிச்சா அந்த மாசம் போச்சி. டிரம்ஸு கும்முனு வரணும்னு மைக்கைத் தறிக்குழிக்குள்ள எறக்கினவன் இவன், எவன் சொல்லிக் குடுத்தான்? எந்த ஸ்டூடியோ தம்பி, டிரம்ஸு நெஞ்சுல இடிக்குதேன்னு அதே கம்பெனிக்காரர்தான் கேட்டாரு. இப்ப அந்த இடி வேடியப்பனோடதாம்!

இன்னொண்ணும் சொன்னாரு அவரு, ஒவ்வொரு பாட்டு ஆரம்பத்துலயும் ஏதோ பொம்பளைக் குரல் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுது, அதை வெட்டிருங்கன்னு. அது நியாயந்தான், அங்கயே பிளேடு வாங்கி வெட்டி ஒட்டிக் குடுத்துட்டான், அதுல ஒண்ணும் தகராறு இல்ல. இந்த நாலு பேரு விசயந்தான் ஆறல. நான் ஒருத்தன். ஒருத்தன்னு போட்டா இன்னாய்யா? ஒரு சேலைக்கு சாயம் போடறவன், பாவு ஓடறவன், நெய்யறவன்னு எத்தினி கை, பொட்டி மேல கடைக்காரன் பேரு ஒண்ணுதான் இருக்கும், எவனும் கேக்க மாட்டான். இங்க ஒரே கை, அதுக்கு நாலு மூஞ்சி...

"சார், நீங்க இன்னா புடிக்கிறீங்க?" சிவப்பிரகாசம் கேமராவுக்குப் பின்னாலேர்ந்து கேட்டாரு. தனகோடி சுத்திப் பாத்தான். ஆர்கன்தான் மிச்சம். அதுக்குப் பின்னால போய் நின்னான், நீர்வீழ்ச்சி முடிஞ்சி சொவரு தெரியிற எடம். கொஞ்சம் உள்ள வாங்க சார், மீசைக்காரரு தோளு மறைக்குது. உள்ள வந்தான். "ஏம்மா, நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க, உங்க நெழலு இவங்க மேல வுழுது." பெஞ்சு மேல கிடாரு உறையை மடியில வெச்சிகினு உக்காந்திருந்த ஜெயம், ஐயோ, தெரியலீங்கன்னு ஓரமா நகந்தா. எல்லாரும் இங்க பாருங்க, ரெடி. ஒண்ணு...

அந்த ஒண்ணு கேட்டதும் ஜெயத்தோட ரெண்டு கையும் உறை மேல எழும்பிச்சி. ரெண்டு. வெரலு ரெண்டு பக்கமும் அகண்டு நின்னுச்சி, ஒரு பொட்டி இந்தப் பக்கம், ஒரு பொட்டி அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி, மூச்சைப் புடிச்சிகினு... அவளுக்கே தெரியல. இவன் கையில வாத்தியம் இருக்கிறப்ப ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி பட்டனை யாரு அமுக்கினது, ஓடறதையும் புடிக்கிறதையும் ஒரே நேரத்துல, முன்னால பின்னால போனா பாட்டே போச்சே, ஒரு அமாவாசையாச்சும் தப்பா அமுக்கியிருக்காளா? பாட்டு முடியிற வரைக்கும் இருமல் வந்தா முந்தானையை வாயில திணிச்சிகினு... மூணு. வெரலு ரெண்டும் ஒண்ணா அழுந்திச்சி. பளிச்சுனு வெளிச்சம்.

"அடடா, சார் மட்டும் அந்தப் பக்கம் பாத்துட்டாரு. கேமராவைப் பாருங்க சார். ஜல்தி, இவரு துபாய் போகணும்." வேடியப்பன் சிரிச்சான், அண்ணன் அண்ணியைப் பாத்துகினு இருந்தாரு! ஜெயம் வெக்கப்பட்டு எழுந்தா, "நான் வேணா வெளிய நிக்கட்டுமாங்க?" யாரைக் கேட்டா, சிவப்பிரகாசத்தையா, இவனையா? தனகோடி வாயைத் தொறந்தான். ஒருத்தன், ஒருத்தன்னு இத்தினி நேரம் கத்திகினு இருந்த நெஞ்சுல இப்ப ஒண்ணும் ஓடல, பதிலுங்க எப்பவும் போல கண்ணமங்கலத்துல பஸ்ஸுக்கு நிக்குதுங்க போல... சிவப்பிரகாசம் திரும்பவும் எண்ண ஆரம்பிச்சிட்டாரு. வாசப்படி ஓரம் வெயில்ல நின்னுகினு இருந்தா ஜெயம், உறையை நெஞ்சோட அணைச்சிகினு, உதடு மட்டும் கூடவே அசைஞ்சிது.