பட்டாளக் கடைக் கேமரா

பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று ஒரு துண்டுத் துணிகூட வாங்கக் கூடாது என்பது குருவம்மாளின் கண்டிப்பு. மருமகள் காளீஸ்வரி அதை மீறவில்லை. மகன் முத்துராஜ்தான் மீறினான்.

ஈராக்கில் சண்டை ஓய்ந்த பிறகும் கலைக்கப்படாத ஒரு அமெரிக்க முகாமில் அவனுக்குச் சமையல் வேலை. முகாமுக்குள் இருந்த பட்டாளக் கடையில் உயர்ந்த கேமராக்கள் வரியில்லாமல் கிடைத்தன. "நம்ம பிள்ளைய எடுக்கதுக்கு ஒண்ணு வாங்கிட்டேன்" என்று வீடியோ காலில் தூக்கிக் காட்டினான்.

"கேமராதான, தொட்டிலா வாங்கிட்டிய?" என்று சிரித்தாள் காளீஸ்வரி.

பெண் பிள்ளை. உயிரில்லாமல் பிறந்தது. காளீஸ்வரிக்கு மயக்கம் தெளிவதற்குள் சிற்றாற்றங்கரையில் புதைத்துவிட்டார்கள். தாய் முகம் பார்த்தால் மறக்க மாட்டாள் என்றார்கள். பார்க்காததை எப்படி மறப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. முகத்தைப் பார்த்தது குருவம்மாள் மட்டும். கேட்டபோதெல்லாம், "அதப் பேசாதட்டி" என்றாள்.

லீவு கிடைத்து முத்துராஜ் தென்காசிக்கு வந்தபோது குற்றாலத்துச் சாரல் வீடுவரை அடித்தது. பெட்டியில் சோப்பு, போர்வை எல்லாவற்றுக்கும் அடியில் கேமரா இருந்தது.

"தூக்கிப் போடுலே அந்தச் சனியன. அதுதான் எம்பேத்திய முழுங்கிச்சு" என்றாள் குருவம்மாள்.

"பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில கேக்கேம்மா. வித்துருதேன்."

காளீஸ்வரி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கனம் மடிக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்து அவளுக்கே பயம் வந்தது.

"இதுல ஏதாவது எடுத்திருக்கியளா?"

"சும்மா பழகிப் பாத்தது. வேண்டாம் காளி, குடு."

அவள் கொடுக்கவில்லை. பொத்தானை அமுக்கினாள். திரையில் ஒரு இரும்புக் கட்டில், அதன்மேல் துண்டில் சுற்றிய தலையணை. அடுத்ததில் அதே தலையணை, கூட வேலை பார்த்த நேபாளத்துக்காரன் கையில். அவன் பல் தெரியச் சிரித்தபடி, கழுத்து இருக்க வேண்டிய இடத்தை உள்ளங்கையால் தாங்கியிருந்தான். அடுத்தது, ஜன்னலோரம்.

"பச்சப்பிள்ளைக்கு எந்த வெளிச்சம் சரிப்படும்னு பாக்கணும்லா" என்றான் முத்துராஜ், சுவரைப் பார்த்தபடி.

குருவம்மாள் திட்டத்தான் கிட்டே வந்தாள். எட்டிப் பார்த்தவள் கண்ணை இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இம்புட்டுப் பெருசு இல்லட்டி" என்றாள். "பாதிதான் இருந்தா. தல நெறைய முடி."

காளீஸ்வரி திரையின் மேல் விரலை வைத்துத் தலையணையின் கீழ்ப்பாதியை மறைத்தாள்.

"இவ்வளவா அத்த?"

குருவம்மாள் அந்த விரலைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்தி வைத்தாள்.