மூடிய குழியின் விசில்

சின்னண்ணன் பதினெட்டு வருஷமாக ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுகிறவர். கம்ப்ரசர் அலறுகிற இடத்திலிருந்து நாலடி தள்ளித்தான் அவர் நிற்பது. காதில் பஞ்சுகூட வைத்ததில்லை.

ராசிபுரம் பக்கம் அங்கம்மாள் என்பவரின் சோளக்காட்டில் ஆயிரத்து இருநூறு அடி இறக்கியும் புழுதிதான் வந்தது. நடுப்பகலில் இஞ்சினை நிறுத்தினார்கள். அப்போதுதான் அந்த விசில் கேட்டது. மெல்லிய, நீளமான, மூச்சே வாங்காத விசில். குழியின் வாயருகே குனிந்தார். உள்ளேயிருந்துதான் வருவது போலிருந்தது.

"சண்முகவேலு, கேக்குதா?"

கூட வேலை செய்யும் சண்முகவேல் கை கழுவிக்கொண்டிருந்தான். "என்னதுங்கண்ணா? ஒண்ணுங் கேக்கலையே."

இரும்பு மூடி போட்டுக் குழியை அடைத்தார்கள். விசில் அடங்கவில்லை. வண்டியில் கூடவே வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தது. மனைவி கந்தம்மாள் பேசும்போது, வார்த்தைகளின் ஓரங்களை யாரோ கடித்துத் தின்றுவிட்ட மாதிரி பாதிதான் காதில் விழுந்தது.

நாலாம் நாள் தனியாக அந்தக் காட்டுக்குப் போனார். அங்கம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, மூடியைத் திறந்து உள்ளே கத்தினார். "என்ன வேணும் உனக்கு?"

விசில் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு கல்லைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். எதுவும் கேட்கவில்லை.

"அடி இல்லாமப் போயிருச்சுங்களா? கல்லு விழுகவே இல்லீங்களே."

அங்கம்மாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்னங்க சொல்றீங்க? டிங்கு டிங்குன்னு இரும்புக் குழாயில அடிச்சுட்டுப் போச்சே! கேக்கலீங்களா?"

சின்னண்ணன் மூடியைப் போட்டுவிட்டு, தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் நாமக்கல்லில் காது பரிசோதிக்கும் இடத்துக்குப் போனார். தேவிப்ரியா என்ற பெண் அவரைச் சத்தம் புகாத சிறு அறையில் உட்கார வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கேட்டது, அழுத்தினார். மறுபடி அழுத்தினார். கதவு திறந்தது.

"ஐயா, நான் இன்னும் சத்தமே அனுப்பலீங்க."

சின்னண்ணன் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

பரிசோதனை முடிந்ததும் தேவிப்ரியா மெதுவாக, முகம் பார்த்துப் பேசினாள். "கீச்சுன்னு வர்ற சத்தமெல்லாம் உங்களுக்குப் போயிருச்சுங்க. மெஷின் சத்தத்துல அடிபட்ட காதுங்க. விசில் குழியில இல்ல, உங்ககிட்டதான் இருக்குது. ரொம்ப நாளாவே இருந்திருக்கும். இப்பத்தான் கவனிச்சிருக்கீங்க."

"நிறுத்த முடியாதுங்களா?"

"போன காது திரும்பாதுங்க. விசிலு போகப்போகப் பழகிரும். மிச்சம் இருக்கறதக் காப்பாத்தலாம். காதுக்குக் கவசம் மாட்டாம மெஷின்கிட்டப் போகாதீங்க. நடுவுல தள்ளிப் போய்க் காதுக்கு ஓய்வு குடுங்க. கூட இருக்கறவங்களையும் பாத்துக்குங்க."

இரண்டு காதுக் கவசங்கள் வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்தார். சண்முகவேல் சிரித்தான். "ஏனுங்கண்ணா, ஏரோப்பிளேன் ஓட்டப் போறமா?"

"நீ மாட்டற வரைக்கும் நான் லீவரத் தொடமாட்டேன்."

போர் போட அழைத்திருந்த தோட்டத்துக்காரர் நேரமாகிறதென்று முணுமுணுத்தார். வெயில் ஏறியது. சின்னண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் சண்முகவேல் கவசத்தை எடுத்து மாட்டினான். சின்னண்ணனும் தன்னுடையதை மாட்டிக்கொண்டு இஞ்சினைக் கிளப்பினார்.

இஞ்சின் உறுமல் எங்கோ தொலைவில் கேட்டது. அது விட்டுப்போன இடத்தில் விசில் எழுந்து நின்றது, இதுவரை கேட்காத தெளிவோடு. கவசத்தைப் பிடுங்கி எறியக் கை பரபரத்தது. சண்முகவேலின் முகத்தைப் பார்த்தார். அவன் எந்த விசிலும் காதில் விழாதவனாக நிம்மதியாக நின்றிருந்தான்.

சின்னண்ணன் லீவரை இழுத்தார்.