அசைத்த தலை

தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் நடுவே எல்லை எந்தப் பக்கம் விழுமோ என்று நாகலாபுரம் வட்டாரத்து ஊர்கள் தவித்திருந்த காலம். அவற்றுள் ஒன்றில் நாகேந்திரன் என்ற குடியானவர் இருந்தார். திருப்பதியில் ஒரு சாமியாரிடம் யோகம் பயின்றவர். ஆசனத்துக்கு முன்னே கொல்லாமை, வாய்மை, கள்ளாமை என்று சாமியார் விதித்த ஒழுக்கங்களை உழவுக்கு நடுவிலும் காத்தவர். சந்தைக்குக் காளை ஓட்டிப் போனாலும் அதன் கெட்ட சுழியை வாங்க வருபவரிடம் தாமே முதலில் சொல்லிவிடுவார்.

அவருடைய நண்பர் முனிரத்தினம், ஊர்த் தமிழ்ப் பள்ளியின் ஒரே ஆசிரியர். எல்லை வகுக்க வீட்டுக்கு வீடு மொழி கேட்டு எழுத அதிகாரி வருகிறார் என்றதும் அவர் நாகேந்திரனைத் தேடிக் களத்துமேட்டுக்கு வந்தார்.

"உங்க ஊட்ல சுலோசனாவும் பசங்களும் தெலுங்குதான் பேசிகினு இருக்காங்க, தெரியும். கேட்டா தமிழுன்னு சொல்லிடு நாகேந்திரா. உன்னப் பாத்து இன்னும் நாலு ஊட்டுக்காரங்க சொல்லுவாங்க. ஊரு தமிழ்நாட்டுப் பக்கம் வந்துடும், இஸ்கூலும் நெலைக்கும். ஊத்துக்கோட்டையில ஒரு வேலைக்குக் கூப்புடறாங்க, உன்ன நம்பி அத வேணான்னு எழுதிடறேன்."

முடியாது என்றால் நண்பரின் முகம் வாடுமே. நாகேந்திரன் வாய் திறக்கவில்லை. சரி என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தார்.

அதிகாரி வந்து, வீட்டில் பேசுவது எந்த மொழி என்று கேட்டார். "எனக்குத் தமிழுங்க. ஊட்ல பேசறது தெலுங்கு" என்றார் நாகேந்திரன். மற்ற நாலு வீட்டாரும் அவரைப் பார்த்துத் தெலுங்கு என்றே சொன்னார்கள். ஊர் ஆந்திரத்தோடேயே நின்றது. மறு ஆண்டு தமிழ்ப் பள்ளி மூடப்பட்டது.

மனைவியின் ஊருக்குப் போய்விடுவதென்று முனிரத்தினம் வண்டியேறிய காலையில், நாகேந்திரன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பொய் சொல்ல வாய் வரல, வாத்தியாரே. அது என் விரதம்."

"பொய் சொல்லுன்னு கேட்டது என் தப்புதான். ஆனா களத்துமேட்ல தலைய ஆட்டினியே, அது இன்னா? அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருந்தா அந்த வேலையாவது எனக்கு இருந்திருக்கும். நாக்குக்கு மட்டுந்தான் விரதமா, யோகி?"

வண்டி நகர்ந்தது.

மீனை அலகால் தொடுவதில்லை என்று நோன்பேற்ற கொக்கு ஒன்று, தன் காலடியில் மிதிபட்ட மீனைக் கடைசிவரை குனிந்து பார்க்கவில்லையாம்.

மறுநாள் விடியலில் நாகேந்திரன் வழக்கம்போல் ஆசனத்துக்குப் பாயை விரித்தார், உட்காரத் தோன்றவில்லை. கூழ் குடிக்க வருகிறீர்களா என்று உள்ளிருந்து சுலோசனா கேட்டாள். சரியென்று அசையத் தொடங்கிய தலையை நிறுத்திக்கொண்டு, "வேணாம் சுலோசனா, எறங்காது" என்று வாய்விட்டுச் சொன்னார்.