கறுப்புக் குழாய்கள்

மருமகள் ஸ்ப்ரே பெயின்ட் டின்னைக் குலுக்கினாள். உள்ளே இருந்த குண்டு கடகடவென்று உருண்டது. குளியலறைக் கதவைச் சாத்தியிருந்தும் சத்தம் ஹால் வரைக்கும் போனது. அங்கே அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் அழுகையை அப்படியே பாதியில் வைத்துவிட்டுக் காதைத் தீட்டினார்கள். துக்கம் எங்கேயும் ஓடிவிடாது, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். இழவு வீட்டில் இது என்ன சத்தம் என்பது இப்போதே தெரிந்தாக வேண்டுமே.

அவள் குலுக்குவதை நிறுத்தவில்லை. சரியாகக் குலுக்காவிட்டால் பெயின்ட் சீறாது, துப்பும். இதை அவள் மாமியாருக்குச் சொல்லிக்கொடுத்து, மாமியார் அதைத் தன் சொந்த அறிவு போல அவளுக்கே நேற்றுத் திருப்பிச் சொன்னாள். சொன்ன மாமியார் இப்போது ஹாலில், ஜன்னலோரக் கட்டிலில், கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருக்கிறாள். நேற்று சாயங்காலம் இதே குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அடிப்பூச்சு காயட்டும். காஞ்சதும் என்னைக் கூப்பிடு, கறுப்ப நான்தான் அடிப்பேன்" என்றாள். காய்ந்தது. கூப்பிட்டாள். மாமியார் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், சொல்ல வேண்டியதை டாக்டர் வாயால் சொல்லட்டும் என்று.

அதனால்தான் குழாய்கள் இரண்டும், ஷவரும், துண்டு போடுகிற கம்பியும், சோப்புத் தட்டும் அடிப்பூச்சோடு மட்டும், சாம்பலில் புரட்டி எடுத்த மாதிரி நின்றன. சுற்றிலும் சுவரில் பழைய நியூஸ்பேப்பர் ஒட்டியிருந்தது. குழாய் வாய்க்கெல்லாம் டேப். பார்க்கிறவர்களுக்குக் குளியலறைக்கு அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கிறது என்றுதான் தோன்றும்.

இந்தக் கோலத்தில் இதைப் பெரியம்மா பார்க்கக் கூடாது. மருமகளின் மனதில் அந்த நேரத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

பெரியம்மா என்றால் மாமியாரின் அக்கா. வேறு ஊரில் இருக்கிறாள். அவள் வீட்டுக் குழாய்களைத் திருகவே வேண்டாமாம், கையை நீட்டினாலே தண்ணீர் கொட்டுமாம். எப்போதாவது இங்கே வருவாள். வந்ததும் கை கழுவக் குளியலறைக்குப் போவாள். உள்ளே கைப்பையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்கும். பூப்போட்ட கைக்குட்டை ஒன்றை எடுத்து, முலாம் உரிந்து களிம்பு ஏறிய அந்தக் குழாயின் தலையில் சுற்றி, அதற்கு மேல் கை வைத்துத்தான் திருகுவாள். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். சொல்லாமல் திருகிய திருகுதான் மாமியாரின் நெஞ்சில் இத்தனை வருஷமாகத் திருகிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் பெரியம்மாவின் பெயரே கைக்குட்டைக்காரி என்று ஆகிவிட்டது.

போன மாதம் கைக்குட்டைக்காரி போன் செய்தாள், ஒரு நடை வந்துவிட்டுப் போகலாமென்று இருப்பதாக. மாமியாருக்கு என்ன வேகம் வந்ததோ, "வாக்கா, வா. பாத்ரூம் குழாயெல்லாம் மாத்தியாச்சு. எல்லாம் புதுசு. கறுப்பு. இப்ப அதான் ஃபேஷன்" என்று அடித்துவிட்டாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் எதிரே மருமகள்.

"எந்தக் குழாய மாத்தினீங்க அத்தை?"

"வாய் தவறி வந்துடுச்சு."

"கறுப்புன்னு கலர் வரைக்கும் வாய் தவறுமா?"

மாமியார் முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிரித்த சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள் என்றால், அந்த வீட்டு நிலவரம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு கூடிவிட்டது, துணி சரியாக உலரவில்லை என்று நாள் தவறாமல் முட்டிக்கொண்ட இரண்டு பேர். கீரியும் பாம்பும் கூட்டு வியாபாரம் தொடங்கியது அன்றைக்குத்தான்.

புதுக் குழாய்க்கு வழியில்லை. ஆனால் மருமகள் கார் பட்டறையில் பில் போடுகிறவள். நசுங்கி வந்த வண்டி கல்யாண மாப்பிள்ளை போல வெளியே போவதைத் தினமும் பார்க்கிறவள். பட்டறைப் பெயின்டரைக் கேட்டாள். "தாராளமா அடிக்கலாம் தங்கச்சி. ஆனா பூசறது பெரிய வேலையில்ல, தேய்க்கறதுதான் வேலை. தேய்க்காம பூசினா பாம்புச் சட்ட மாதிரி உரிஞ்சி வரும்" என்றார்.

தேய்க்கிற வேலையை மாமியார் எடுத்துக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை, பிடுங்கிக்கொண்டாள். உப்புத்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மத்தியானம் மத்தியானமாகத் தேய்த்தாள். உதிர்ந்த சாம்பல் தூள் நகக்கண்ணில் ஏறிக்கொண்டது. மாமனார் குறுக்கே வந்தார். மின்சார மீட்டர் பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எட்டி நின்று பார்த்துக் குறித்துக்கொண்டு போவதே பழக்கம்.

"கிழவிக்கு மை தீட்டினா குமரியாயிடுவாளா?"

"நீங்க தலைக்கு அடிக்கறீங்களே டை, அந்த நம்பிக்கைதான்."

அதற்குப் பிறகு அவர் குளியலறைப் பக்கம் வாயைக் கொண்டுவரவில்லை.

இப்போது மருமகள் முதல் பூச்சை ஆரம்பித்தாள். மூக்கில் துணி கட்டியிருந்தாள். ஒரே இடத்தில் நிறுத்தினால் வழியும், கையை ஓடவிட வேண்டும். ஷவரில் தொடங்கிக் கீழே வந்தாள். சாம்பல் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. நெடி கதவிடுக்கு வழியாக ஹாலுக்குப் போயிற்று.

கதவு தட்டப்பட்டது. கணவன்.

"உள்ள என்ன பண்ற?"

கதவைத் திறந்தாள். அவன் குழாயைப் பார்த்தான், டின்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அழுது வீங்கிய முகம்.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அம்மா அங்க படுத்திருக்காங்க. நீ இங்க பெயின்ட் அடிக்கற. எல்லாரும் என்னா நெனைப்பாங்க?"

"எல்லாரும் என்ன வேணா நெனைக்கட்டும். பெரியம்மா கிளம்பிட்டாங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"புதுக் குழாய் போட்டாச்சுன்னு அத்தை அவங்ககிட்ட சொல்லிட்டாங்க. நாளைக்கு, பாவம் பொய் சொல்லிட்டுச் செத்தாளேன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க. அத்தையால திருப்பிப் பேச முடியுமா?"

அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தே பழகியவன். இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றால் எப்படி முழிப்பது என்று அவனுக்குப் பழக்கமில்லை. அந்த நேரம் பின்னால் மாமனார் வந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். மீட்டர் பார்க்கிற மாதிரியே ஒவ்வொன்றாக ஷவர், கம்பி, சோப்புத் தட்டு, குழாய் என்று பார்த்தார். போய், நேற்று மாமியார் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியை இழுத்துவந்து குளியலறை வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார்.

"நீ அடிம்மா" என்றார். மகனைப் பார்த்து, "நீ போய் வர்றவங்களப் பாரு" என்றார்.

அதற்கப்புறம் யாரும் அந்தப் பக்கம் வர முடியவில்லை. அவசரத்துக்கு வந்தவர்களையெல்லாம் மாமனார் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். "உள்ள வேலை நடக்குது" என்பார். என்ன வேலை என்று கேட்டால் பக்கத்து வீட்டு வாசலைக் கை காட்டுவார். தையல்காரம்மாவுக்கு வருத்தமில்லை. யார் யார் வந்தார்கள், யாருக்கு யாரோடு பேச்சு இல்லை என்ற விவரமெல்லாம் அவள் வீட்டு வாசற்படிக்கே வந்து சேர்ந்தது.

முதல் பூச்சு காயக் காத்திருந்த நேரத்தில் மருமகள் ஹாலுக்கு வந்து நின்றாள். நெடியில் கண் இரண்டும் மிளகாய்ப்பழம் போலச் சிவந்து நீர் வழிந்தது. "பரவால்ல, மருமக நல்லாதான் அழுதிருக்கா" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. மறுக்கவில்லை.

தையல்காரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இறந்தவளின் விரல் நகங்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் எல்லாம் சாம்பல் நிறம்.

"ஏதோ சுண்ணாம்பு மாதிரி அப்பியிருக்கு. போக மாட்டேங்குது பாரேன்."

"விட்டுடுங்கக்கா."

"அழுக்கோடயா அனுப்பறது?"

"அது அழுக்கு இல்ல. விட்டுடுங்க."

சொன்ன தோரணையில் தையல்காரம்மா துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

இரண்டாவது பூச்சு முதலாவதை விட நன்றாக விழுந்தது. மூன்றாவது அடித்து முடித்தபோது சோப்புத் தட்டுகூட நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைக்கிற சாமானாகிவிட்டது. பேப்பரை மெதுவாகக் கிழித்தாள். டேப்பைக் கோணலாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தாள். ஓரம் கிழியவில்லை. இனி நாளை வரை கை படக் கூடாது. பெரியம்மா பஸ்ஸில் வருகிறாள், சாயங்காலம் ஆகிவிடும், அதற்குள் மேல்தோலாவது இறுகிவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

பெரியம்மா காரில் வந்து இறங்கினாள்.

பேப்பரைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் திணிக்கும்போதே வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம். ஹாலில் பேச்சு சட்டென்று அடங்கியது. மருமகள் டின்னைக் குளியலறை அலமாரிக்குள் ஒளித்துவிட்டு வெளியே வந்தாள். பெரியம்மா கட்டிலருகே நின்றிருந்தாள். அழவில்லை. தங்கையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். யார் எவ்வளவு அழுதார்கள் என்பதற்கு நாளைக்குக் கணக்கு வேண்டும் அல்லவா. பிறகு அவள் யாரிடமோ சொல்வது போல, "மொகம் கழுவிட்டு வரேன்" என்றாள்.

மருமகள் முன்னால் வந்தாள். "பெரியம்மா, பக்கத்து வீட்டுல..."

"ஏன், இங்க என்ன?"

புதுக் குழாய் போட்ட வீட்டில் பக்கத்து வீட்டுக் குழாய் எதற்கு? மருமகள் மாமனாரைப் பார்த்தாள். மாமனார் எழுந்தார். நாற்காலியை ஓரமாக நகர்த்தினார்.

"போங்க. புதுசா போட்டிருக்கா. பாருங்க" என்றார்.

பெரியம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மருமகள் கதவோரம் நின்றாள். மாமனாரும் நின்றார். ஒட்டுக் கேட்கிறார்கள் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். உள்ளே சத்தமே இல்லை. ஜிப் சத்தம் வரும் என்று அவள் காத்திருந்தாள். எத்தனையோ முறை மாமியார் இதே இடத்தில் நின்று, முகம் கறுத்துக் கேட்ட சத்தம். வரவில்லை. இன்னும் வரவில்லை. சடாரென்று தண்ணீர் கொட்டியது.

மாமனார் மூச்சு விட்டது கேட்டது.

தண்ணீர் வெகுநேரம் ஓடியது. முகம் கழுவ இவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை. ஓடுகிற தண்ணீருக்குள் வேறு ஒரு சத்தமும் இருந்தது. அதை இரண்டு பேரும் கேட்காத மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியம்மா வெளியே வந்தாள். முகம் நனைந்திருந்தது, கண் இரண்டும் சிவந்திருந்தன. கைப்பை தோளில் தொங்கியது, ஜிப் மூடியபடியே. வலது கையை மூடிக்கொண்டிருந்தாள்.

"போன்ல சொன்னா" என்றாள். "நான் நம்பல."

மருமகள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"கறுப்பு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போனாள். கட்டிலோரம் உட்கார்ந்தாள். துணிக்குள்ளிருந்து தங்கையின் கையை வெளியே எடுத்து, தன் வலது கையால் பிடித்துக்கொண்டாள். தையல்காரம்மாவின் கண்ணுக்கு எதுதான் தப்பும்?

"ஐயோ, உங்க வெரல்ல என்னமோ கறுப்பா ஒட்டியிருக்கே. இந்தாங்க, ஈரத்துணி."

பெரியம்மா துணியைப் பார்த்தாள். பிடித்திருந்த கையைத் திருப்பி, தங்கையின் நகக்கண்ணில் இருந்த சாம்பலைப் பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்" என்றாள்.

மருமகள் திரும்பிக் குளியலறைக்குள் போனாள். எல்லாம் சரியாக இருந்தது. குழாயின் தலையில் மட்டும், இறுகாத கறுப்பில், நான்கு விரலும் அடியில் கட்டை விரலும் அழுந்தப் பதிந்திருந்தன. பதிந்த இடத்தில் பெயின்ட் கொஞ்சம் வழுக்கி, அடிப்பூச்சின் சாம்பல் மெல்லிசாகத் தெரிந்தது.

மாமனார் பின்னால் வந்து நின்று அதைக் குனிந்து பார்த்தார்.

"இன்னும் ஒரு தடவ அடிச்சா மறைஞ்சிடுமா?"

"தேய்ச்சிட்டு அடிச்சா மறையும் மாமா. டின்ல இன்னும் பெயின்ட் இருக்கு."

அலமாரியிலிருந்து டின்னை எடுத்தாள். குலுக்கினாள். குண்டு ஒரு தடவை உருண்டு நின்றது. மாமனார் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் டின்னின் மூடியை அழுத்திப் போட்டு, எட்டாத உயரத்துத் தட்டில் வைத்தாள். துண்டுக் கம்பியில் ஒட்டியிருந்த கடைசித் துண்டு டேப்பை உரித்து உருட்டிக் கூடையில் போட்டாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

மாமனார் நாற்காலியைப் பழையபடி வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஹாலிலிருந்து யாரோ எழுந்து அந்தப் பக்கம் வந்தார்கள்.

"பக்கத்து வீட்டுக்குப் போங்க" என்றார். "இன்னும் காயல."