இரண்டாம் கியரில் சாய்ந்த கேக்

அந்த வருடம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் இரண்டு கிலோ எடை கூடியதற்குக் காரணம் எதிர்வீட்டுக் கார். இன்னும் சரியாகச் சொன்னால், முதல் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது அது கொடுத்த உதை.

எதிர்வீட்டில் இருப்பவர் கேக்கம்மா. எட்டு வருடங்களுக்கு முன் பஸ் படியில் விழுந்ததிலிருந்து அவருக்கு இடது முழங்கால் மடங்காது. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டியபடியே மூன்றடுக்கு கேக் கட்டிவிடுவார். கிளட்ச் மிதிக்கத்தான் முடியாது. ஆகவே கேக்கையும் அவரையும் ஏற்றிப்போகிற வேலை கணவருடையது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் வண்டியை எடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்: "உன்னால இன்னைக்கும் கடை அரைநாள்!" இந்தப் பல்லவி இல்லாமல், தானே ஓட்டிப்போய் ஒரே ஒரு கேக்கையாவது இறக்கி வைக்க வேண்டும் என்பது கேக்கம்மாவின் ஆசை. என்னிடம் அவர் சொல்லவில்லை. ஜன்னல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான், கேக்கம்மாவின் அண்ணன் வெளியூருக்குக் குடிபோகும்போது விட்டுப்போன பழைய டீசல் கார் நினைவுக்கு வந்தது. ஆட்டோமேட்டிக் வண்டி. கிளட்ச்சே கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை. ஆறு வருடமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததில், என்ஜின் மேல் ஒரு எலி குடித்தனம் வைத்துப் பேரன் பேத்தி எடுத்திருந்தது.

கண்ணாடிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். வண்டி கிளம்புமா என்று தெரிவதற்கு முன்பே அவர் செய்த முதல் காரியம், பின்கதவில் ஸ்பீக்கர் மாட்டியது.

"பாட்டுக் கேட்டுக்கிட்டே ஓட்டுவே இல்ல?" என்றார்.

"முதல்ல அது ஓடட்டுங்க" என்றார் கேக்கம்மா.

பிரியத்தில் செய்ததுதான். குறை சொல்ல மாட்டேன், சிரிக்க மட்டும் செய்தேன்.

பிறகு வார்னிஷ் போல நாறிய பழைய டீசலை வடித்தார். டாங்கியைக் கழுவினார். ஃபில்டர், பாட்டரி எல்லாம் புதிதாகப் போட்டு, குழாயில் நின்ற காற்றைக் கைப்பம்பால் அடித்து வெளியேற்றினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி இருமியது, தும்மியது, நான் காயப்போட்டிருந்த வெள்ளைத் துணிக்கெல்லாம் புகை போட்டது. கிளம்பியும் விட்டது. தெருவே கைதட்டியது. துணியை மறுபடி துவைத்தவர்கள் மட்டும் தட்டவில்லை.

ஆனால் கியர் மாறும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து பிடரியில் தட்டுவது போல ஒரு குலுக்கல். சோதனைக்கு வைத்த கேக்குகள் தெருமுனை தாண்டுமுன் சாய்ந்தன. சாய்ந்த கேக்கை விற்க முடியாது. எங்களுக்குத்தான் வரும். நான் தட்டோடு வாசலில் நிற்கப் பழகிவிட்டேன்.

கியர்பாக்ஸுக்கு எண்ணெய் மாற்றியும் கேட்கவில்லை. கியர்பாக்ஸ் நிபுணர் ஒருவர் வந்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டே இறங்கினார். "முழுசா கழட்டணும். ரெண்டு மாசம் ஆகும்."

கேக்கம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை டாக்டர் வீட்டில் இருபத்தைந்தாவது திருமண நாள். மூன்றடுக்கு கேக். "நானே ஓட்டிக்கிட்டு வர்றேன்" என்று போனில் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை அவருடைய தம்பி வந்தான். நாற்பது வயது, ஃபிரிட்ஜ் மெக்கானிக். அக்கா வீட்டு ஃபிரிட்ஜைப் பார்க்க வந்தவன், அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுக் கார் பக்கம் போனான்.

"மாப்ள, கார் என்ன ஃபிரிட்ஜா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"நீங்க சும்மா இருங்க மாமா. அக்கா, வேற என்னல்லாம் கோளாறு பண்ணுது?"

"கியர்தான்டா. வேற ஒண்ணுமில்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. கேட் வழியாகவே சொன்னேன்: "சாவிய எடுத்தப்புறமும் அரை நிமிஷம் ஓடிக்கிட்டே இருக்கே தம்பி! போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வாசல்ல நின்னு பேசுற விருந்தாளி மாதிரி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காதுல விழுந்துச்சு."

அவன் வண்டியோடு வந்த பழைய கையேட்டை எடுத்து, காபி ஆறும்வரை படித்தான். அதுவரை யாரும் அதைத் திறக்கவேயில்லை. பிறகு மெல்லிய குழாய்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பின்தொடர்ந்தான்.

"இதுல ஒரு சின்ன பம்பு காத்தை உறிஞ்சுது மாமா. அந்த உறிஞ்சல்தான் என்ஜினை நிறுத்துது, கதவைப் பூட்டுது, கியரை மெதுவா மாத்தச் சொல்லுது. எங்கயாவது ஒரு ஓட்டை இருந்தா எல்லாத்துக்கும் குறையும்."

"கியர்பாக்ஸ்காரன் சொல்லாததை நீ சொல்லப்போறியா?"

"லீக்குக்கு அது காரா ஃபிரிட்ஜான்னு தெரியாது மாமா."

ஃபிரிட்ஜுக்கு வைத்திருந்த உறிஞ்சு பம்பையும் மீட்டரையும் கொண்டுவந்து, குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினான். கியர்பாக்ஸ் குழாயில் முள் அசையாமல் நின்றது. என்ஜினை நிறுத்தும் குழாயிலும் அப்படியே. கதவுகளுக்குப் போகும் குழாய்க்கு வந்ததும் முள் சரிந்தது. நான்கு கதவையும் தனித்தனியாகப் பார்த்தான். மூன்று சுத்தம். இடது பின்கதவில் முள் பொத்தென்று விழுந்தது.

கதவின் உள்தகட்டைக் கழற்றினான். ஸ்பீக்கரைப் பிடித்திருந்த ஸ்குரூ, அந்த மெல்லிய குழாயின் நட்டநடுவே இறங்கி உட்கார்ந்திருந்தது.

"இது யார் மாட்டினது?" என்றான், தெரியாதவன் போல.

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஊருக்கெல்லாம் பார்வை சரி பண்றவருங்க!" என்று கேக்கம்மா சிரித்தாரே ஒரு சிரிப்பு, தம்பியும் சேர்ந்துகொண்டான். கடைசியில் கண்ணாடிக்காரரும். நான் எப்போதோ ஆரம்பித்துவிட்டேன்.

ஓட்டையான துண்டை வெட்டி, நடுவே ரப்பர் குழாய் போட்டு இணைத்தான். ஸ்பீக்கரை நான்கு விரல் தள்ளி மாட்டினான். வண்டியைக் கிளப்பி, சாவியைத் திருப்பி அணைத்தான். சட்டென்று நின்றது. தெருவைச் சுற்றி வந்தபோது கியர் எப்போது மாறியது என்று எனக்கே கேட்கவில்லை. சோதனைக் கேக் போன மாதிரியே நிமிர்ந்து திரும்பி வந்தது. நான் தட்டை உள்ளே கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தேன்.

சனிக்கிழமை மூன்றடுக்கைப் பக்கத்துச் சீட்டின் காலடியில் வைத்துக் கேக்கம்மா தனியாகக் கிளம்பினார்.

"திருப்பத்துல பார்த்து... பிரேக்கை மெதுவா..." என்று கணவர் கேட் வரை ஓடினார். கேக்கம்மா கார்க் கதவின் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

கண்ணாடிக்காரர் கேட்டிலேயே நின்றார். ஒன்றரை மணி நேரம். கடைக்குப் போகவில்லை. அன்றும் கடை அரைநாள்தான், பழி போடத்தான் ஆள் இல்லை.

வண்டி திரும்பி வந்தது. சாவி திரும்பியது. தெரு அமைதியானது. கேக்கம்மா வெறும் பெட்டியோடு, காலை முதலில் வெளியே நீட்டி இறங்கினார்.

"சாஞ்சுதா?"

"கடுகளவுகூட இல்ல."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"உங்க டிரைவர் எங்கேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"வேலையை விட்டு நிறுத்திட்டேன்னு சொன்னேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கேக்கம்மா பெட்டியை அவர் கையில் கொடுத்தார். "நாளைக்கு நீங்களும் வாங்க. பின்னாடி இடது பக்கம் உக்காருங்க. உங்க ஸ்பீக்கர் பக்கத்துலதான்."

மறுநாள் போனார்கள். பாட்டு ஒலித்தது. அதற்கு மேல் கண்ணாடிக்காரரின் குரல்: "திருப்பத்துல பார்த்து! பிரேக்கை மெதுவா!" கேக்கம்மா ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினார். தெருமுனை திரும்பும்வரை எனக்குப் பாட்டுத்தான் கேட்டது.